பதினேழாவது குழி

பதினேழாவது குழியில் விழுந்தவள் முதன்முதலில் வந்து நின்றது என் வீட்டுக் குளியலறையில். வியாழக்கிழமை காலை, சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில். கட்டைவிரல் உயரம், பச்சைச் சேலை, ஏற்றிச் செருகிய கொசுவம், கையில் தூக்குவாளி, வாளி காலி. அவளுக்குப் பின்னால் அதே சேலையில், அதே முகத்தில், இன்னும் நாற்பது பேர். பல் விளக்க வந்த என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், மூடியைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டினார்கள், பிறகு மூடிக்கொண்டார்கள். நாற்பத்தொன்று. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. முந்தின நாள் எத்தனை தடவை விழுந்தேன் என்று எனக்குத் தெரியும்.

பல் விளக்கினேன். வேறென்ன செய்வது.

என் பேர் நாச்சிமுத்து. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் செக்கர். சின்னச் சுத்தியலால் ரிவிட்டைத் தட்டுவேன், சத்தம் சரியாக இருந்தால் சாக்பீஸில் ஒரு டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி. பெருக்கல் போட்ட பஸ் வாசலைத் தாண்டாது, முதலாளியே வந்து கெஞ்சினாலும் தாண்டாது. தற்பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருகிற அசிங்கம் எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டும், அதற்குச் சொல்கிறேன்.

முதலாளி போன பிறகு அவர் மகன் யுவராஜ் பட்டறை மாடியில் செல்போன் விளையாட்டு செய்கிற கம்பெனி ஆரம்பித்தான். கீழே வெல்டிங், மேலே ஏசி. முதலில் ஒரு கபடி ஆட்டம், பிறகு மினிபஸ் ஓட்டுகிற ஆட்டம், பிறகு ஏதோ பேய். மூன்றும் படுத்துவிட்டன. ஒரு போனில் ஓடியது இன்னொரு போனில் நின்றது, மலிவான போன் தோசைக்கல்லாகச் சுட்டது, இறக்கினவர்கள் மூன்றாம் நாளே அழித்தார்கள், கொஞ்சம் நன்றாக இருந்த ஒன்றையும் எவனோ எங்கிருந்தோ நகலெடுத்து எங்கள் ஆட்டத்துக்கு மேலேயே கடை விரித்தான்.

"மாமா, எங்கிட்ட இருக்கற பசங்களுக்கு விரல் ரொம்ப வேகமுங்க. அவங்களுக்குச் சுலபமா இருக்கறது சனங்களுக்கு முடியறதில்ல. நீங்க வந்து ஆடிப் பாருங்க. நீங்க தாண்டினா ஊரே தாண்டும்," என்றான் யுவராஜ்.

அறுபத்தேழு வயதில் அப்படித்தான் மாடியேறினேன். அங்கே ஒரு நீள நோட்டு வைத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் நான் மூன்று தடவை தாண்ட வேண்டும், தாண்டினால் டிக், தாண்டாவிட்டால் பெருக்கல், பெருக்கல் விழுந்த கட்டம் வெளியே போகாது. பசங்களும் இதை ஒரு சாமி காரியம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள், செக்கரய்யா விரல் படாமல் எதையும் விடுவதில்லை என்று அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள்.

நாலாவது ஆட்டத்துக்குப் பேர் 'தூக்குவாளி'. செய்தவள் சுகந்தி. வேலாயுதம்பாளையத்துப் பெண், இருபத்தாறு வயது, பேச்சு குறைவு, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். ஆட்டம் சின்னது. சாலாக்கா என்று ஒருத்தி, தறிக்குடோனில் இருக்கிற புருஷனுக்குச் சோறு கொண்டு போகிறாள், பன்னிரண்டரை சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும், வழியெல்லாம் கார்ப்பரேஷன் தோண்டிப் போட்ட குழி. கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் தாவுவாள், எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு தூரம். குழியில் விழுந்தால் சோறு கொட்டிவிடும், இன்னொரு உயிர் வேண்டுமென்றால் விளம்பரம் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு முன்னால் வெளியே விட வேண்டும் என்று யுவராஜ் குதித்தான். புதன்கிழமை பதினேழாவது கட்டம் என் கைக்கு வந்தது. அழுத்தினேன், விழுந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், விழுந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, உட்கார்ந்து, நின்று, பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுத்தினேன், நாற்பத்தொரு தடவை அழுத்தினேன், நாற்பத்தொரு தடவையும் அந்தப் பொம்பளை அக்கரை விளிம்பில் கை வைத்து வழுக்கிக் குழிக்குள் போனாள். கொஞ்ச நாளாகவே என் கட்டைவிரல் லேசாக ஆடும். சட்டைப் பொத்தான் போடும்போது ஆடும், துளசிமணி, என் மனைவி, கவனித்துவிட்டுக் கவனிக்காத மாதிரி இருப்பாள். விரல் போய்விட்டது என்று நினைத்தேன். விரல் போன செக்கரை எவன் வைத்துக்கொள்வான்?

வெளியே சுகந்தி நின்றுகொண்டிருந்தாள்.

"தாண்டினீங்களாங்கய்யா?"

"தாண்டினேன்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும். என்ன, கோர்ட்டா இது?"

நோட்டில் டிக் போட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் பொய் டிக். கை ஆடவேயில்லை.

மறுநாள்தான் அவர்கள் குளியலறைக்கு வந்தார்கள். வெளியீடு வெள்ளிக்கிழமை. ஒரு முழு நாள் இருந்தது எனக்கு. பட்டறைக்குப் போய் "அது தப்பு டிக், அழி" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் என்ன செய்தேன் என்றால், நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக எடுத்து என் பழைய ரிவிட்டுப் பெட்டியில் வைத்து மூடி, மூச்சு முட்டாமலிருக்க மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டேன். கருணை.

ஆட்டம் ஓடியது. ஓடியது என்றால் சும்மா இல்லை, ஜவகர் பஜாரில், பஸ் ஸ்டாண்டில், வங்கி வரிசையில், டெக்ஸ்டைல் குடோனில் பண்டல் கட்டுகிற இடத்தில், ஜனங்கள் ஒரு கட்டைவிரலை மட்டும் தூக்கிக்கொண்டு குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாம் நாள் அழிக்கவில்லை, முப்பதாம் நாளும் அழிக்கவில்லை, எல்லாரும் பதினாறு வரை சரசரவென்று போய்ப் பதினேழில் நின்று, விழுந்து, விளம்பரம் பார்த்து, விழுந்து, விளம்பரம் பார்த்து, யுவராஜின் வரைபடத்தில் கோடு மேலே மேலே போனது, பன்னிரண்டு பேர் இருந்த கம்பெனியில் நாற்பது பேர் ஆனார்கள், வெல்டிங் பட்டறையை மூடிவிட்டுக் கீழ்த்தளத்துக்கும் ஏசி போட்டார்கள். "எப்படி மாமா ஒட்டிக்கிட்டாங்க பாத்தீங்களா!" என்றான். பார்த்தேன்.

விழுந்தவர்கள் விழ வைத்தவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மற்ற குழியில் விழுந்தவள் வருவதில்லை, ஆடினவன் தப்பு, அதோடு போயிற்று. பதினேழில் விழுந்தவள் மட்டும் மறுநாள் காலையில் காலி வாளியோடு வந்து நிற்பாள். ஆனால் ஊரில் அதைப்பற்றி ஒரு பேச்சு இல்லை. நாச்சிமுத்து தாண்டினார் என்று ஊருக்குத் தெரியும், அறுபத்தேழு வயதுக் கிழவன் தாண்டின குழியை நான் தாண்டவில்லை என்று எவன் வாயைத் திறப்பான்? ஆளுக்கு ஒரு பக்கம் ஒளித்தார்கள். உளுந்து டப்பாவில், ஹெல்மெட்டுக்குள், பீரோ லாக்கரில், பழைய குக்கரில், காலேஜ் புரொபசர் ஒருவர் தலையணை உறைக்குள்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்து எல்லாவற்றையும் ஊறவைத்தது. வெயில் அடித்த முதல் நாள், பத்து மணிக்கு, பெண்கள் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறி, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பூசணம் பிடித்துவிடப் போகிறதே என்று ஒளித்து வைத்திருந்தவர்களைப் பாயில் பரத்தினார்கள். நிமிர்ந்து பார்த்தால் எல்லா மாடியிலும் பச்சை. கரூர் முழுக்க, கோயில் கோபுரத்திலிருந்து பார்த்தால் ஊரே நெல் நாற்று விட்ட மாதிரி இருந்தது என்று அர்ச்சகர் சொன்னார்.

பக்கத்து மாடி ருக்குமணி கேட்டாள், "என்னங்க்கா, உங்க வீட்லயுமா?"

"எங்க மருமவன் விழுந்ததும்மா. நானெல்லாம் எப்பவோ தாண்டிட்டேன்," என்றாள் துளசிமணி.

எங்களுக்கு மருமகனே கிடையாது. ஒரே பையன், அவனும் துபாயில். துளசிமணியும் ஆடுகிறாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுடையது எழுபத்திரண்டு, மாவு டிரம்மில் இருந்தார்களாம். என்னுடையதை அவள் கேட்கவில்லை. ரிவிட்டுப் பெட்டி மூடியில் ஓட்டை எதற்கு என்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஊர் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. காலையில் சோறு வடித்ததும் வாளிக்கு ஒரு பருக்கை என்று ஆயிற்று, போட்டால் மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், மறுநாள் மறுபடி காலி. டவுன் பஸ்ஸில் ஆளுக்கு டிக்கெட் இல்லை, இருபது பேருக்கு மேல் கூடையில் வந்தால் லக்கேஜ். டெய்லர் ஒருவர் மிச்சத் துணியில் மாற்றுச் சேலை வெட்டிக் கொடுத்தார், நூறுக்கு மேல் இருந்தால் தள்ளுபடி. பெண் பார்க்கப் போகிற வீட்டில், மாப்பிள்ளைக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்ட கையோடு, "வீட்ல வாளி எத்தனைங்க?" என்று கேட்டார்கள், அவர்கள் "இருக்குது, சொந்தக்காரங்க விட்டுட்டுப் போனது" என்றார்கள்.

தாண்டிவிட்டோம் என்று சொன்னால் போதுமா, தாண்டின பிறகு என்ன இருந்தது என்று சொல்ல வேண்டுமே. அதனால் பதினெட்டாவது கட்டத்தை ஊரே சேர்ந்து கட்டியது. சலூன்காரர் சேகர் பதினெட்டில் ஒரு யானை வருகிறது என்றார். அடுத்த வாரம் யானைக்குக் குட்டி பிறந்திருந்தது. அமராவதி ஆற்றில் வெள்ளம் வந்தது, சாலாக்காவுக்குத் தங்கத்தில் வாளி கிடைத்தது, கலெக்டரே வந்து கும்பிட்டார். சுகந்தி ஒரு நாள் டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள், "பதினெட்டுல யானையெல்லாம் இல்லீங்கண்ணா. காய்கறி மார்க்கெட்தான். நாந்தான் செஞ்சேன்."

"அம்மிணி, நீ சரியா ஆடலைன்னு அர்த்தம். யானை கடைசியிலதான் வரும்," என்றார் சேகர். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அய்யா, பதினேழு... நீங்க தாண்டினீங்கல்ல?"

இரண்டாவது தடவை கேட்கிறாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், "எத்தனை தடவை கேப்ப? தாண்டினேன்."

"இல்லீங்கய்யா, சும்மா கேட்டேன்," என்று போய்விட்டாள். பிறகுதான் தெரிந்தது, அவள் ஹாஸ்டல் அறையிலும் கட்டிலுக்கடியில் நூற்றுப் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்று. செய்தவளுக்கே தாண்டத் தெரியவில்லை என்றால் சிரிப்பார்கள் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. குழியின் அகலம் என்ன என்று போய்ப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. கிழவன் தாண்டியிருக்கிறானே, பிறகு குழியைச் சந்தேகப்படுவானேன்?

தை மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர் வந்தார். எங்கள் ஆட்டத்தை வாங்கி நாலு நாட்டில் விடப் போகிறார்கள். நல்ல மனுஷன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கூட்டம் காலை பதினொரு மணிக்கு, நாற்பது பேரும் உட்கார்ந்திருக்க, கணக்குப் படத்தைச் சுவரில் காட்டினார்.

"ஏழு லட்சம் பேர் பதினேழுக்கு வந்திருக்காங்க. ஒருத்தர்கூடத் தாண்டலை. ஒருத்தர்கூட."

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். தாண்டினதாகச் சொல்லாதவன் அந்த அறையில் ஒருவன்கூட இல்லை.

"குழி அறுபத்துநாலு அகலம் இருக்கு. அந்தப் பொண்ணு முழுசாத் தாவினாலே அறுபதுதான் தாவும். எப்படி வெளிய விட்டீங்க?"

யுவராஜ் நோட்டைக் கொண்டுவந்து விரித்தான். "எங்க செக்கர் பாத்து டிக் பண்ணியிருக்காருங்க. அவர் தப்பா டிக் போடற ஆள் இல்லீங்க, கரூர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க." என்னைப் பார்த்தான். "மாமா, புதன்கிழமை நீங்க தாண்டினீங்கல்ல?"

மூன்றாவது தடவை. எல்லாரும் தலையை நிமிர்த்திவிட்டார்கள். நான் சொன்னேன், "டிக் போட்டிருக்கனே."

பெங்களூர்க்காரர் கணக்குப் போடுகிற மாதிரி மெதுவாகப் பேசினார். "அப்போ புதன்கிழமை குழி சரியா இருந்திருக்கு. அதுக்கப்புறம் யாரோ அகலம் பண்ணியிருக்காங்க. விளம்பரம் ஓடணும்னு. இந்தக் கட்டம் யார் கையில இருந்துச்சு?"

சுகந்தி எழுந்து நின்றாள்.

"நான் நாப்பத்தாறுதான் போட்டேனுங்க சார்."

"இங்க அறுபத்துநாலு இருக்கும்மா."

தேடினார்கள். அவசரத்தில் எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் மேலே மேலே போட்டு வைத்திருந்ததால் எது எப்போது மாறியது என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை. நோட்டு ஒன்றுதான் சாட்சி. ஜனங்களை ஏமாற்றினவளை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போட முடியாது, அவள் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், இல்லையென்றால் இந்தத் தொழிலில் யாரும் வேலை தராதபடி நாங்களே எழுத வேண்டியிருக்கும் என்றார் அவர். யுவராஜ் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. தாளை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பெண், வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன்.

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதவில்லை. என் பக்கம் திரும்பினாள், திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில், நிஜமாகவே தெரியாமல், என்னிடம் கேட்டாள்:

"அய்யா, ஒருவேளை நாந்தான் மாத்திட்டனா? அந்த வாரம் எனக்குக் காய்ச்சலுங்க. எனக்கு ஞாபகம் இல்லை. நீங்க தாண்டியிருக்கீங்கன்னா, நாந்தான் மாத்தியிருக்கணும். இல்லீங்களா?"

என்னைச் சந்தேகப்படவே அவளுக்குத் தோன்றவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

"நான் தாண்டலை," என்றேன்.

யுவராஜ், "மாமா?" என்றான்.

"தாண்டலை. நாப்பத்தொரு தடவை விழுந்தேன். விரல் போச்சுன்னு நெனச்சேன், சொல்ல வெக்கமா இருந்துச்சு. டிக் பொய். அப்பவே அறுபத்துநாலுதான். நாலையும் ஆறையும் மாத்திப் போட்டிருக்கா, அவ்வளவுதான், அதைப் புடிக்கத்தான் நான் அங்க உக்காந்திருந்தேன். அவளை விடுங்க."

பிறகு மூலையிலிருந்து படம் வரைகிற மோசஸ், "நானும் தாண்டலீங்க," என்றான். பிறகு இன்னொருவன். பிறகு யுவராஜே நாற்காலியில் உட்கார்ந்து, "எங்க வீட்ல கார் டிக்கியில இருக்குது மாமா, முன்னூத்துச் சொச்சம்," என்றான். பெங்களூர்க்காரர் தன் பையின் பக்கத்து ஜிப்பைத் திறந்து, ஒன்பது பேரை எடுத்து மேசைமேல் வைத்தார். ஊரிலிருந்து வரும்போதே வைத்திருந்திருக்கிறார்.

சுகந்தி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலைங்க சார்," என்றாள். அய்யா என்று சொல்லவில்லை. போய் இரண்டு நிமிஷத்தில் நாற்பத்தாறாக்கினாள்.

ஒரு வாரத்தில் புதிய குழி எல்லாப் போனுக்கும் போனது. விழுந்தவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்றால், போனைத் தரையில் படுக்க வைத்து, வீட்டுக்காரர் "நான் தாண்டலை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் வரிசையாகக் கண்ணாடி விளிம்பில் ஏறி, உள்ளே இறங்கி, அவரவரே தாவிக்கொண்டார்கள். முணுமுணுத்தால் ஏறுவதில்லை. சலூனில் சேகர் யானையோடு சேர்த்துச் சொன்னார், வெள்ளமும் நான் விட்டதுதான் என்றார், கடைக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். துளசிமணி சமையலறையில் சொன்னாள், பிறகு ரிவிட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள். சொன்னேன். டிவியை மீறிச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் கவுன்சிலர் வீட்டில் இன்னும் இருக்கிறார்கள். தினமும் சோறு போடுகிறார்கள், கேட்டால் சொந்தக்காரர்கள் விட்டுப்போனது என்கிறார்கள்.

ஒப்பந்தம் போயிற்று. நாற்பது பேர் பதினைந்தானார்கள். அந்த இருபத்தைந்து பேரில் யாரையாவது வழியில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகிறேன்.

என் சம்பளக் கணக்கைத் தீர்க்க யுவராஜ் கூப்பிட்ட அன்று கடைசியாக மாடியேறினேன். மத்தியானம், சாப்பாட்டு நேரம். சுகந்தி தன் மேசையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள்.

"பதினேழு. ஆடுங்க சார்."

அழுத்தினேன். விழுந்தாள். நாற்பத்தாறுதான், ஊரில் ஏழு வயதுப் பிள்ளை தாண்டுகிற குழி. மறுபடி அழுத்தினேன். ஐந்து தடவை.

"தாண்டினீங்களா?"

"இல்லை."

"குழியா, விரலா?"

கூட்டத்தில் சொன்னது சுலபம். இதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"விரல்," என்றேன்.

நோட்டு அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எழுதிவிடுவாள் என்று நினைத்தேன். எழுதவில்லை. போனை வாங்கி அவளே மூன்று தடவை தாண்டிப் பார்த்தாள். பிறகு மோசஸைக் கூப்பிட்டுத் தாண்டச் சொன்னாள். பிறகு வாசலில் பார்சல் கொடுக்க வந்த ஆளை உட்கார வைத்துத் தாண்டச் சொன்னாள். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆளும் மூன்று தடவை தாண்டிய பிறகுதான், பேனாவைத் திறந்து, விரல் என்று நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.